நிபந்தனைச் சேர்க்கையும் வராத உதவித்தொகை முடிவும்: முதுநிலை விண்ணப்பதாரருக்கான முழுமையான வழிகாட்டி

முதுநிலைப் படிப்புக்கான சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது, ஆனால் அதில் நிபந்தனைகள் இருக்கின்றன. உதவித்தொகைக்கும் விண்ணப்பித்தாயிற்று, ஆனால் அதன் முடிவு இன்னும் வரவில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதை ஒரே காத்திருப்பாக நினைத்துக்கொண்டு, நாள்தோறும் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதிலேயே வாரங்களைக் கழித்துவிடுகிறார்கள். உண்மையில் இங்கே பல வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. சேர்க்கை அலுவலகம், துறை, உதவித்தொகை வழங்கும் அமைப்பு, விசா அலுவலகம் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கால அட்டவணையை வைத்திருக்கிறது. அவை ஒன்றையொன்று கலந்துகொள்வதில்லை. அந்த அட்டவணைகளை ஒரே தாளில் கொண்டுவந்து, எந்த நாள்வரை பதிலுக்காகப் பொறுத்திருக்கலாம், எந்த நாளுக்குப் பின் பொறுத்திருப்பதில் பயனில்லை என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் விண்ணப்பதாரரின் வேலை. அதற்கான வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: சேர்க்கைக் கடிதத்தைப் பிரித்துப் படியுங்கள்

கடிதத்தில் உள்ள நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனி வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாக அவை நான்கு வகைக்குள் அடங்கும். இளநிலைப் பட்டத்தைக் குறிப்பிட்ட மதிப்பெண்ணுடன் முடிக்க வேண்டும் என்பது முதல் வகை. மொழித் தேர்வில் குறிப்பிட்ட புள்ளிகள் பெற வேண்டும் என்பது இரண்டாவது. மூல ஆவணங்களோ பரிந்துரைக் கடிதங்களோ வந்து சேர வேண்டும் என்பது மூன்றாவது. முன்பணம் கட்டுதல், நிதி ஆதாரம் காட்டுதல் போன்ற பணம் சார்ந்தவை நான்காவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று குறிப்புகள் வேண்டும்: இதை நிறைவேற்றுவது யார் கையில் இருக்கிறது, கடைசி நாள் எது, நிறைவேறியதற்கு எந்த ஆவணத்தைச் சான்றாக ஏற்பார்கள். மூன்றாவது குறிப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இறுதி மதிப்பெண் பட்டியல் போதுமா, பட்டச் சான்றிதழே வேண்டுமா என்பது கடிதத்தில் தெளிவாக இல்லையென்றால், அதை இப்போதே கேட்டு எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

கடிதத்தின் பின்பக்கத்திலோ இணைப்பிலோ இருக்கும் பொது விதிகளையும் படியுங்கள். நிபந்தனைகளை நிறைவேற்றுவதற்கான கடைசி நாளும், சேர்க்கையை ஏற்பதாகத் தெரிவிப்பதற்கான கடைசி நாளும் வேறுவேறாக இருக்கும். ஏற்பதாகத் தெரிவித்துவிட்டால் நிபந்தனை தானாக நீங்கிவிடாது; நிபந்தனைகள் முடியட்டும் என்று காத்திருந்து ஏற்பதைத் தள்ளிப்போட்டால் இடமே போய்விடலாம்.

இரண்டாம் படி: உங்கள் கையில் உள்ள நிபந்தனைகளை உடனே முடியுங்கள்

உதவித்தொகை முடிவு வந்த பிறகு மொழித் தேர்வு எழுதிக்கொள்ளலாம், பணம் கிடைக்காவிட்டால் அந்தத் தேர்வுக் கட்டணம் வீண்தானே என்று நினைப்பது இயல்பு. என் கருத்தில் இந்தக் கணக்கு தவறு. உதவித்தொகை முடிவு தாமதமாக வரும்போது, ஏற்கெனவே நிபந்தனைகளை முடித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போகக் காலம் மீந்திருக்கும். தேர்வுக் கட்டணத்தை அந்தக் காலத்துக்குக் கொடுக்கும் விலையாகக் கருதலாம்.

மொழித் தேர்வைப் பொறுத்தவரை, ஐஈஎல்டிஎஸ், டோஃபல் ஆகிய இரண்டின் மதிப்பெண்களும் 2 ஆண்டுகளுக்கே பொதுவாக ஏற்கப்படுகின்றன. பழைய மதிப்பெண்ணை வைத்து விண்ணப்பித்தவர்கள், படிப்பு தொடங்கும் நாளிலும் அது செல்லுபடியாக வேண்டுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்ப நாளைக் கணக்கில் எடுக்கின்றன, சில படிப்பு தொடங்கும் நாளை எடுக்கின்றன. ஐஈஎல்டிஎஸ் தேர்வில் வாசித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் ஆகிய நான்கில் ஒன்றில் மட்டும் புள்ளி குறைந்திருந்தால், முதல் தேர்விலிருந்து 60 நாட்களுக்குள் அந்த ஒரு பகுதியை மட்டும் மீண்டும் எழுதும் வசதி உண்டு. ஆனால் எல்லாத் தேர்வு மையங்களிலும் அது கிடைப்பதில்லை, எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்பதுமில்லை. எனவே பணம் கட்டுவதற்கு முன் சேர்க்கை அலுவலகத்திடம் கேட்டுவிடுங்கள். சிறிதளவு புள்ளி குறைந்தவர்களுக்குப் படிப்புக்கு முந்தைய மொழிப் பயிற்சி வகுப்பைச் சில பல்கலைக்கழகங்கள் மாற்றாகத் தருகின்றன. அந்த வகுப்பு முதன்மைப் படிப்புக்குப் பல வாரங்கள் முன்பே தொடங்குவதால் எல்லாத் தேதிகளும் முன்னே நகரும் என்பதையும், அந்த வகுப்பின் கட்டணத்தை உதவித்தொகை ஏற்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பட்டம் தொடர்பான நிபந்தனையில் தாமதம் உங்களிடமிருந்து வருவதில்லை. நீங்கள் படிக்கும் கல்வி நிறுவனத்திடமிருந்து வருகிறது. தேர்வு முடிந்தும் முடிவுகள் வெளியாக மாதங்கள் ஆகலாம். முடிவு வந்த பிறகும் பட்டச் சான்றிதழ் அச்சாகி வர இன்னும் காலம் பிடிக்கும். எல்லாப் பாடங்களையும் முடித்துவிட்டதாகவும், பட்டம் இந்த நாளில் வழங்கப்படும் என்றும் தேர்வுப் பிரிவோ பதிவாளர் அலுவலகமோ கையொப்பமிட்டுத் தரும் கடிதத்தைப் பல பல்கலைக்கழகங்கள் தற்காலிகமாக ஏற்றுக்கொள்கின்றன. அந்தக் கடிதத்துக்கான விண்ணப்பத்தைக் கடைசித் தேர்வு முடிந்த வாரத்திலேயே கொடுத்துவிடலாம். மதிப்பெண் பட்டியலை நிறுவனமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்ற விதி இருந்தால், உறையிடப்பட்டு முத்திரையிடப்பட்ட அஞ்சலா, பாதுகாப்பான மின்னணு அனுப்புதலா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாணவர் தானே பதிவேற்றிய நகலை வைத்து நிபந்தனையை நீக்க மறுக்கும் அலுவலகங்கள் பல.

இன்னொரு சிறிய விஷயம் பெரிய தாமதத்தைத் தரக்கூடியது: பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும், மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும், மொழித் தேர்வுச் சான்றில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா? தலைப்பெழுத்தைப் பயன்படுத்தும் தமிழர்களுக்கு இந்தச் சிக்கல் நன்கு பழக்கமானது. ஓரிடத்தில் தலைப்பெழுத்து விரிந்து தந்தை பெயராகவும், இன்னோரிடத்தில் எழுத்தாகவும் இருந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்கான உறுதிமொழி ஆவணத்தை முன்பே தயாரித்து வைத்துக்கொள்வது நல்லது. பாஸ்போர்ட் காலாவதியாகும் நிலையில் இருந்தால் அதையும் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். சேர்க்கை உறுதி ஆவணங்களில் பாஸ்போர்ட் எண் இடம்பெறும் நாடுகளில், எண் மாறினால் ஆவணத்தையும் திருத்த வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: பணத்தைப் பற்றிய முடிவை எடுப்பது யார் என்று கண்டறியுங்கள்

உதவித்தொகை என்ற ஒரே சொல்லுக்குள் மிகவும் வேறுபட்ட ஏற்பாடுகள் இருக்கின்றன. யார் முடிவெடுக்கிறார் என்பது தெரிந்தால்தான் எப்போது பதில் வரும், யாரிடம் கேட்கலாம் என்பது தெரியும்.

சில உதவித்தொகைகளுக்குத் தனி விண்ணப்பமே கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரெண்டன் நிதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: டிசம்பர் அல்லது ஜனவரிக் கெடுவுக்குள் படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் தாமாகவே பரிசீலிக்கப்படுகிறார்கள். இத்தகைய நிதியில் விண்ணப்பதாரர் செய்வதற்கு எதுவுமில்லை. துறை பரிந்துரைக்க வேண்டும், அதன் பிறகு மையக் குழு தேர்ந்தெடுக்க வேண்டும். அரசுகள் வழங்கும் உதவித்தொகைகள் வேறு வகை. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகையில் விண்ணப்பம், நேர்காணல், முடிவு எல்லாம் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடக்கின்றன. ஆனால் தேர்ந்தெடுத்த படிப்புகளில் ஒன்றிலாவது நிபந்தனையற்ற சேர்க்கையை ஜூலை மாதத்தில் குறிக்கப்படும் நாளுக்குள் பெற்றிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் முதுநிலைப் படிப்புகளில் சேர்க்கையையும் உதவித்தொகையையும் ஒரே பல்கலைக்கழகக் கூட்டமைப்பு தீர்மானிக்கிறது. மாதம் 1,400 யூரோ என்ற அளவில் அதிகபட்சம் 24 மாதங்களுக்குத் தரப்படும் அந்த உதவித்தொகைக்கு முதன்மைப் பட்டியல், காத்திருப்புப் பட்டியல் என்று இரண்டு பட்டியல்கள் வெளியாகும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே முதுநிலை ஆய்வுப் படிப்புகளில் பணம் பெரும்பாலும் துறையிடமிருந்தே, கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் பணியாக வருகிறது. ஆய்வு உதவியாளர் பணி ஒரு தனிப் பேராசிரியரின் ஆய்வு நிதியை நம்பியிருப்பதால், அவருடைய நிதி முடிவு வரும்வரை துறையாலும் பதில் சொல்ல முடியாது. அங்கே விண்ணப்பதாரருக்குச் சாதகமான ஓர் ஏற்பாடும் உண்டு. முதுநிலைக் கல்விக்கூடங்களின் மன்றம் வெளியிட்டுள்ள ஏப்ரல் 15 தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியுடன் கூடிய அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லுமாறு மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. இது நிதியுதவியுடன் வரும் அழைப்புக்கு மட்டுமே பொருந்தும். பணமில்லாத வெறும் சேர்க்கைக்கு மார்ச் மாதத்திலேயே பதில் கேட்டால் அதில் விதிமீறல் ஏதுமில்லை.

இணையக் குழுக்களில் யாரோ ஒருவர் தனக்கு முடிவு வந்துவிட்டதாக எழுதியதும் பதறுவது வழக்கம். துறைவாரியாகவும் நாடுவாரியாகவும் பகுதி பகுதியாகவே பல அமைப்புகள் முடிவுகளை அனுப்புகின்றன என்பதால், உங்கள் துறையையும் நாட்டையும் சேராத ஒருவருக்கு வந்த பதிலிலிருந்து உங்களுடையதைக் கணிக்க இயலாது.

நான்காம் படி: ஒன்றையொன்று எதிர்பார்க்கும் முடிச்சை அவிழுங்கள்

மேலே சொன்ன செவனிங் விதியைக் கவனித்திருப்பீர்கள்: உதவித்தொகை சேர்க்கைக்காகக் காத்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு போன்ற இடங்களில் சேர்க்கையின் நிபந்தனைகளுள் ஒன்றாக நிதி ஆதாரத்தைக் காட்ட வேண்டும்: அங்கே சேர்க்கை பணத்துக்காகக் காத்திருக்கிறது. இரண்டு விதமும் ஒருவருடைய விண்ணப்பத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால், பணம் வந்தால்தான் நிபந்தனை நீங்கும், நிபந்தனை நீங்கினால்தான் பணம் வரும் என்ற முடிச்சு விழுகிறது. இதில் சிக்கியவர்கள் தமக்கு மட்டுமே இப்படி நேர்ந்ததாக எண்ணிக் கலங்குகிறார்கள். இரு அலுவலகங்களுக்கும் இது ஆண்டுதோறும் வரும் கேள்விதான்.

அவிழ்க்கும் வரிசை இதுதான். முதலில் கல்வி, மொழி, ஆவணம் சார்ந்த எல்லா நிபந்தனைகளையும் முடித்துவிடுங்கள். பிறகு, எஞ்சியிருப்பது நிதி நிபந்தனை மட்டுமே என்று குறிப்பிடும் கடிதத்தைச் சேர்க்கை அலுவலகத்திடம் கேளுங்கள். அந்தக் கடிதத்தை உதவித்தொகை அமைப்புக்கு அனுப்பி, இதை நிபந்தனையற்ற சேர்க்கைக்கு ஈடாக ஏற்பார்களா என்று கேளுங்கள். தாங்கள் தரப்போகும் பணத்தால் நீங்கவிருக்கும் நிபந்தனையைப் பொருட்படுத்தாத அமைப்புகள் உண்டு. ஏற்காவிட்டால், உதவித்தொகைக்குப் பரிசீலனையில் இருப்பதை உறுதிசெய்யும் கடிதத்தை அவர்களிடம் வாங்கிச் சேர்க்கை அலுவலகத்திடம் காட்டி, நிதி நிபந்தனைக்கான கெடுவை நீட்டிக்கக் கேட்கலாம். தொலைபேசியில் கிடைத்த ஒப்புதல், பொறுப்பில் இருப்பவர் மாறினால் காற்றோடு போய்விடும். ஒவ்வொரு பதிலையும் மின்னஞ்சலில் பெறுங்கள்.

ஐந்தாம் படி: படிப்பு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இந்தப் படியைச் செய்யுங்கள். உதவித்தொகை முடிவு எப்போது வரும் என்று கேட்பதைவிட, அது எந்த நாளுக்குள் வந்தால் எனக்குப் பயன்படும் என்று கணக்கிடுவது முக்கியம்.

பிரிட்டனில் செப்டம்பர் 21 அன்று தொடங்கும் ஒரு படிப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரம் முன்னதாகவேனும் அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் செப்டம்பர் 14 அன்று விசா கையில் இருக்க வேண்டும். நாட்டுக்கு வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவர் விசாவுக்கு வழக்கமாக 3 வாரங்களில் முடிவு வரும்; எதிர்பாராத தாமதத்துக்கு இன்னும் 2 வாரங்களை ஒதுக்கினால், ஆகஸ்ட் 10 அன்று விண்ணப்பித்தாக வேண்டும். சொந்தப் பணத்தைக் காட்டுவதாக இருந்தால் அது தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் குறையாமல் இருந்திருக்க வேண்டும். அந்த 28 நாட்கள் முடியும் நாள், விண்ணப்ப நாளுக்கு 31 நாட்களுக்கு மேல் முந்தியதாக இருக்கக் கூடாது. அப்படியானால் பணம் ஜூலை 13-க்குள்ளாவது கணக்கில் வந்து சேர வேண்டும். சில அறிவியல், பொறியியல் துறைகளுக்கு ஏடிஏஎஸ் என்ற பாதுகாப்பு அனுமதியும் தேவை. அதற்குக் குறைந்தது 30 வேலை நாட்களை ஒதுக்கச் சொல்கிறார்கள், எனவே ஜூன் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

இந்தக் கணக்கு தரும் பாடம் வெளிப்படையானது. ஜூலை 13 வரை உதவித்தொகை முடிவு வராவிட்டால், மாற்றுப் பணத்தை அன்றே கணக்கில் வைக்க முடிந்தவருக்குத்தான் அந்த ஆண்டு தொடங்குவது உறுதி. முழு உதவித்தொகை கிடைத்துவிட்டால் வழங்கும் அமைப்பின் கடிதமே நிதி ஆதாரமாகிவிடும் என்பதால் 28 நாள் கணக்கு பொருந்தாது. ஆகஸ்ட் தொடக்கம்வரைகூடப் பொறுக்கலாம். ஆகவே உங்களுக்கு இரண்டு தீர்மான நாட்கள் உண்டு: சொந்தப் பணத்தில் போவதாக இருந்தால் ஒன்று, உதவித்தொகையில் மட்டுமே போக முடியுமென்றால் மற்றொன்று. இரண்டையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால், அதன் ஒப்புதலுக்கு ஆகும் வாரங்களை முதல் நாளிலிருந்து மேலும் கழிக்க வேண்டும்.

மற்ற நாடுகளுக்கும் இதே முறைதான், எண்கள் மட்டும் மாறும். அமெரிக்காவில் ஐ-20 படிவம், அதாவது மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் தகுதிச் சான்று, வழங்கப்படுவதற்கு முதலாண்டுச் செலவுக்கான நிதி ஆதாரம் காட்ட வேண்டும். அதன் பிறகே வெளிநாட்டு மாணவர்களைப் பதிவுசெய்யும் சேவிஸ் என்ற அரசு அமைப்புக்கான 350 டாலர் கட்டணம், விசா நேர்காணல் என்று அடுத்தடுத்து நகர முடியும். படிப்பு தொடங்குவதற்கு 30 நாட்களுக்கு முன்னதாக மாணவர் விசாவில் நாட்டுக்குள் நுழைய முடியாது என்பதும் பயணத் திட்டத்தில் இடம்பெற வேண்டும். ஜெர்மனியில், மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க முடிகிற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992 யூரோ வைக்க வேண்டும் என்பது 2024 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள அளவு. அங்கீகரிக்கப்பட்ட உதவித்தொகையின் கடிதம் அதற்கு மாற்றாகலாம். இத்தகைய தொகைகள் அவ்வப்போது உயர்த்தப்படுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் அதிகாரப்பூர்வப் பக்கத்தை மீண்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: முன்பணம் கட்டுவதற்கு முன்

திருப்பித் தரும் விதிகளைப் படிக்காமல் முன்பணம் கட்டாதீர்கள். விசா மறுக்கப்பட்டாலோ கல்வி நிபந்தனைகளை எட்ட முடியாவிட்டாலோ திருப்பித் தருவதாகப் பல பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன. உதவித்தொகை கிடைக்கவில்லை என்பதை ஒரு காரணமாக ஏற்பவை குறைவு. முடிவு நிலுவையில் இருப்பதைச் சொல்லிக் கெடுவைத் தள்ளிவைக்கக் கேட்பதே முதல் வழி.

ஏழாம் படி: எழுதிக் கேட்கும் முறை

அறிவிக்கப்பட்ட முடிவு நாளுக்கு முன் விசாரித்து எழுதுவதால் பயனில்லை. அந்த நாள் கடந்து சுமார் ஒரு வாரம் ஆன பின்னும், அல்லது உங்களுக்கு வேறொரு கெடு நெருங்கும்போதும் எழுதலாம். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: விண்ணப்ப எண், படிப்பின் பெயர், கேள்வி, உங்களை நெருக்கும் கெடு, அவ்வளவுதான். வேறொரு பல்கலைக்கழகம் நிதியுதவியுடன் அழைத்திருக்கிறது, அதற்கு இந்த நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், ஆயினும் எனக்கு உங்கள் படிப்பே முதல் விருப்பம் என்று உண்மையைச் சொல்வதில் தவறில்லை. அதனால் கோப்பு முன்னே நகர்வதும் உண்டு. இல்லாத அழைப்பை இருப்பதாகச் சொல்வது ஆபத்தானது, அழைப்புக் கடிதத்தின் நகலைக் கேட்கும் துறைகள் இருக்கின்றன. கெடுவை நீட்டிக்கக் கேட்பதென்றால் கெடு முடிவதற்குச் சில நாட்கள் முன்பே, எத்தனை நாள் வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

எட்டாம் படி: வந்த பதிலின் அளவை அறியுங்கள்

வாழ்த்துகள் என்று தொடங்கும் எல்லாக் கடிதங்களும் முழுப் பணத்தைத் தருவதில்லை. நேர்காணலுக்குத் தேர்வானது, பரிந்துரைக்கப்பட்டது, காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்பட்டது, தற்காலிகமாக வழங்கப்பட்டது, இறுதியாக வழங்கப்பட்டது ஆகியவை வெவ்வேறு நிலைகள். கடைசி ஒன்றுக்குத்தான் வேலையை விடுவதும் விமானச்சீட்டு எடுப்பதும். கட்டண விலக்கு மட்டுமா, வாழ்க்கைச் செலவுக்கும் உண்டா, எத்தனை மாதங்களுக்கு, ஆண்டுதோறும் புதுப்பிக்க மதிப்பெண் வரம்பு உண்டா, விசாக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் யார் பொறுப்பு என்பவற்றை ஒவ்வொன்றாகக் குறியுங்கள். அமெரிக்காவில் வாழ்க்கைச் செலவுக்கென வரும் உதவித்தொகைப் பகுதிக்கு வரி உண்டு. வரி ஒப்பந்தம் எதுவும் பொருந்தாத வெளிநாட்டு மாணவரிடம் 14 சதவீதம் பிடித்தம் செய்யப்படுவது வழக்கம். உதவியாளர் பணி என்றால், கல்வியாண்டு நடக்கும்போது வளாகத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய மாணவர் விசா அனுமதிப்பதில்லை.

பலர் எதிர்பாராமல் தடுமாறும் இடம் முதல் மாதம். சம்பளமாக வரும் பணம் பெரும்பாலும் மாத இறுதியிலேயே வரும், வங்கிக் கணக்கு திறக்கவும் நாட்கள் ஆகும். வீட்டு முன்பணமும் வாடகையும் அதற்கு முன்பே கேட்கப்படும். முழு உதவித்தொகை பெற்றவரும் ஒன்றரை மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும்.

உதவித்தொகையை விடுவிப்பதற்கு முதலில் ஒரு கட்டணத்தை அனுப்புங்கள் என்று வரும் கடிதம் மோசடி என்றே கொள்ளலாம். அமைப்பின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே எழுதி உறுதிசெய்யுங்கள்.

ஒன்பதாம் படி: காத்திருப்புப் பட்டியல், மறுப்பு, ஒத்திவைப்பு

காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர் இன்னும் ஆர்வமாக இருப்பதாக ஒரு முறை எழுதித் தெரிவிப்பது போதும். எத்தனையாவது இடம் என்பதைச் சில அமைப்புகள் சொல்லும், சில சொல்லாது; முன்னால் இருப்பவர்கள் வேறு அழைப்புகளை ஏற்று விலகும்போதே பட்டியல் நகரும் என்பதால், பிற இடங்களின் கெடு நாட்களுக்கு அடுத்த ஓரிரு வாரங்களே நம்பிக்கைக்குரியவை. அமெரிக்கத் துறைகளில் ஏப்ரல் 15-க்குப் பிந்தைய நாட்கள் அப்படிப்பட்டவை.

மறுப்பு வந்தால் துறையிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: வேறு யாராவது ஏற்காமல் விட்ட நிதி ஏதேனும் மீந்திருக்கிறதா, துறை அளவிலான சிறு கட்டணச் சலுகைகள் உண்டா? கிடைப்பது முழுத்தொகையாக இராது, ஆனால் சொந்தப் பணத்தில் குறையும் பகுதியை அது அடைக்கக்கூடும். தீர்மான நாள் கடந்தும் பணம் சேரவில்லையென்றால் சேர்க்கையை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கக் கேளுங்கள். இங்கே கவனம் வேண்டும்: சேர்க்கை ஒத்திவைக்கப்பட்டாலும் உதவித்தொகை உடன் நகர்வது அரிது, பெரும்பாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மேலும் ஒத்திவைத்த சேர்க்கையில் அடுத்த ஆண்டின் உயர்ந்த கட்டணமே பொருந்தலாம், மொழித் தேர்வு மதிப்பெண் காலாவதியாகவும் கூடும். முன்பணத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்றுவார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

பத்தாம் படி: முடிவு வந்த வாரம்

பணம் உறுதியானதும், உதவித்தொகைக் கடிதத்தை அன்றே சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பி நிதி நிபந்தனையை நீக்கச் சொல்லுங்கள். பிரிட்டனுக்குச் செல்பவர்களுக்கு, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி எண்ணான சிஏஎஸ் எண்ணும், அமெரிக்காவுக்குச் செல்பவர்களுக்கு ஐ-20 படிவமும் அதற்குப் பின்பே கிடைக்கும். வந்த ஆவணத்தில் உதவித்தொகையின் தொகை சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், அதில் பிழையிருந்தால் விசா விண்ணப்பத்தில் காட்ட வேண்டிய சொந்தப் பணத்தின் அளவு மாறிவிடும். பிறகு, ஏற்காமல் விடும் மற்ற எல்லாச் சேர்க்கைகளிலிருந்தும் உதவித்தொகைகளிலிருந்தும் அந்த வாரத்திலேயே எழுத்துமூலம் விலகிக்கொள்ளுங்கள். அங்கெல்லாம் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுடைய தீர்மான நாளும் நெருங்கிக்கொண்டிருக்கும்.